வீட்டுப் பெண்ணுக்கு அனுபவச் சான்று

வெளிநாட்டில் திரைச்சீலை நெய்கிற ஆலை ஒன்று என்னை வேலைக்கு எடுத்தது. விசாவுக்கு அவர்களே ஸ்பான்சர். அதற்கு ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும், அதைப் பழைய முதலாளி எழுதித் தர வேண்டும். எனக்கு ஏழு வருடம் இருந்தது. பட்டுக்கடைப் பெரியப்பாவின் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் புடவைக் கரையும் முந்தியும் வரைந்த ஏழு வருடம். சொந்தப் பெரியப்பா இல்லை, முதலாளிதான். ஆனால் முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

கேட்டதும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். நானும் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன், புத்திகெட்டவள். இரண்டாம் நாள் ஆலையின் வக்கீலிடமிருந்து மெயில் வந்தது. நீங்கள் ஊழியரா, குடும்ப உறுப்பினரா? வெள்ளிக்கிழமைக்குள் சரியான கடிதம் வராவிட்டால் விண்ணப்பம் போட முடியாது. அப்புறம்தான் கடிதத்தைத் திறந்து படித்தேன். "இவளை நான் ஒருநாளும் வேலைக்காரியாக நடத்தியதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணாக, நேரம் காலம் பார்க்காமல் கூடமாட உதவியாக இருந்தாள்." ஐயோ, பெரியப்பா!

அன்றைக்கு முழுவதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓரிக்கை வரை போய், ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தேன். வீட்டுப் பெண்ணாம்! அதனால்தான் பி.எஃப். கிடையாது, ஒரு வேலை உத்தரவு கிடையாது, முகூர்த்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. எரிச்சலாக வந்தது. ஆனால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போனேன்.

"லெட்டரை மாத்தணும் பெரியப்பா. என்ன பதவி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, அவ்ளோதான் இருக்கணும்."

"ஏம்மா, நல்லாத்தானே எழுதிக் குடுத்தேன்?"

"வீட்டுப் பொண்ணுன்னா வேலை செஞ்சதா எடுத்துக்க மாட்டாங்க. விசா கிடைக்காது."

கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ இத்தன வருசமா வேலைக்காரியாத்தான் வந்துக்கினு இருந்தியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமாம் பெரியப்பா" என்றேன்.

கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் டைப் செய்தார். பெரியப்பா ஒரு தடவை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். தறிக்காரர்கள் பட்டும் ஜரிகையும் வாங்கிப் போகும்போது கையெழுத்துப் போடுகிற நோட்டு.

"லெட்டர் வாங்கிக்கினதுக்கு ஒரு கையெழுத்து போடும்மா."

ஏழு வருடத்தில் அந்த நோட்டை அவர் என்னிடம் நீட்டியதே இல்லை. கடைசி வரியில் யாரோ ஒரு தறிக்காரரின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே போட்டேன்.