ஆர்லீன் அழிக்காத கெர்னல்கள்

ஆர்லீன் கோஸ்கெலாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மினசோட்டாவின் வடகோடி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்த அப்டேட்டையும் முதலில் சோதனை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமையென்றால் எதையும் தொடமாட்டாள். அப்டேட்டில் லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் புதிதாக வந்தாலும் பழையதை அழிக்க மனசு வராது. புதுசு காலை வாரிவிட்டால் பழையது கைகொடுக்குமே! இப்படியே வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தாள்.

அதுதான் வினையாக முடிந்தது. பனிப்புயல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், தள்ளிப்போட முடியாத பாதுகாப்பு அப்டேட் ஒன்றைப் போட்டாள். சோதனை இயந்திரத்தில் சமர்த்தாக ஏறியிருந்தது. அங்கே தாராளமாக இடம் உண்டு. இங்கேயோ, சர்வர் எழுந்திருக்கத் தேவையான கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான். அதை முழுக்கப் பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டிருந்தன. புதியது பாதியில் நின்றுவிட்டது; எந்தக் கெர்னலைக் கொண்டு எழுவது என்று சர்வருக்குச் சொல்லும் பட்டியலும் அரைகுறையாகிவிட்டது.

சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒருமுறை அணைந்தால் எழுந்திருக்குமா? அவள் பழையவற்றை அழித்துவிட்டு, புதியதை மறுபடி ஏற்றினாள். பிழை எதுவும் வரவில்லை. அதை எப்படி நம்புவது? ரீபூட் செய்து, அதாவது அணைத்து மறுபடி எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும். விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. ஜெனரேட்டர் போன புயலிலேயே மக்கர் செய்திருந்தது.

அழைப்புகளை எடுக்கும் கர்ட் மாக்கியிடம் ஓடினாள்.

"கர்ட், சர்வரை இப்பவே ரீபூட் பண்ணணும்."

"விளையாடுறியா? இந்தப் புயல்லயா? மேப்பெல்லாம் அதுலதானே இருக்கு!"

"கரண்ட் போய் அதுவா அணைஞ்சா எந்திரிக்குமான்னு தெரியல. இப்ப பண்ணினா நான் பக்கத்துல இருப்பேன்."

"யாரு பண்ணின வேலை இது?"

"நான்தான்."

"அம்மா தாயே! கீபோர்டுல தூசி தட்டவே பயப்படுவியே, உனக்கு இன்னிக்கா தைரியம் வரணும்?" கர்ட் திட்டிக்கொண்டே காகிதத்தையும் பென்சிலையும் இழுத்துக்கொண்டான். "பண்ணித் தொலை. சீக்கிரம்."

திரை கறுத்தது. அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

"அழாதீங்கம்மா, பெரியவருக்கு மூச்சு இருக்கா பாருங்க... ஏரி தாண்டி எந்தத் திருப்பம்? பேரு தெரியலையா?" ஆம்புலன்ஸ்காரர்களிடம் பேச கர்ட் வயர்லெஸ்ஸை எடுத்தான். "ஏரிச் சாலையில வடக்க போங்க. திருப்பத்தை அப்புறம் சொல்றேன்."

அவன் கறுத்த திரையையே பார்த்தான். வரிகள் ஓடத் தொடங்கி, நடுவில் ஒரு வரியில் அப்படியே நின்றன. கடவுளே, எழுந்திரு, எழுந்திரு! ஆர்லீன் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். நின்ற வரி நகர்ந்தது. பிறகு மேப் விரிந்து, அழைப்பு வந்த இடத்தைக் காட்டியது. கர்ட் திருப்பத்தின் பெயரை வயர்லெஸ்ஸில் கத்திச் சொன்னான்.

வெகுநேரம் கழித்து வயர்லெஸ் கரகரத்தது. பெரியவருக்கு நாடி இருக்கிறதாம், பேச்சுதான் இல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

"வண்டி வழி தெரியாம எவ்வளவு நேரம் நின்னுச்சு, கர்ட்?"

கர்ட் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அதை மட்டும் கேக்காத, ஆர்லீன்."