கால்விரல் கட்டிய துணி

என் கொப்பியில் அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: “வியாழன். காலை 6.10, அண்ணி எழும்பவில்லை. 7.05, டொக்டர் வந்து பார்த்தார், உயிர் இல்லை. 7.30, கால்விரல் கட்டியாயிற்று. 9.40, உடலை ஏற்ற மலர்ச்சாலை வண்டி.” 8.50க்கு நடந்ததை அன்று நான் எழுதவில்லை.

மஹய்யாவயில் அண்ணன் வீட்டு முன்னறையில்தான் அண்ணியின் தையல் மெசின் இருந்தது. இழுபடும் பின்னல் துணியை வெட்டுத் துண்டுகளாக வாங்கி லெகின்ஸ், பிள்ளைகளுக்கு நீச்சல் உடுப்பு எல்லாம் தைப்பார். இறந்தவரின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, ஒரு துண்டு துணி தாங்க” என்றார். வெள்ளைத் துணி தேடாமல், மெசின் மேல் கிடந்த கறுப்புப் பின்னல் துணியில் ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தேன். அது என் பிழை.

8.50க்கு அண்ணன் என் கையைப் பிடித்தார்.

“வெரல் அசையுது பாரு.”

பார்த்தேன். கட்டியும் சற்று விலகியிருந்த பாதங்கள் மிக மெல்ல ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

“வண்டி வேணாம்னு சொல்லு. அங்க கொண்டுபோய் ஒடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்துனாங்கன்னா செத்துருவா.”

“துணிதான்ணே சுருங்குது. இழுத்துக் கட்டியிருக்காங்க.”

“எல்லாத்தையும் கொப்பியில எழுதுற ஆளு நீ. நிச்சயமா தெரியுமா?”

டொக்டருக்கு நான்கு முறை அழைத்தேன்; எடுக்கவில்லை. முடிச்சை நானே வெட்டினேன். என் விரலில் பட்ட பாதம் இளஞ்சூடாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதங்கள் விலகின, பிறகு அசையவில்லை. அக்கா பழைய வேட்டியில் கிழித்த துணியால் மறுபடி கட்டிவிட்டு, கறுப்புக் கீற்றை அடுப்பில் போட்டார்.

“தெரியும்ணே” என்றேன். வண்டி வந்ததும் அண்ணன் அண்ணியை அனுப்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மிச்சத் துணியை எடுத்து இழுத்துப் பார்த்தேன். அகலவாட்டில் நன்றாக நீண்டு, விட்டதும் திரும்பிச் சுருங்கியது. நீளவாட்டில் கொஞ்சமும் கொடுக்கவில்லை. இழுபடாத சாதாரணச் சீத்தைத் துணி போலக் கிடந்தது. நீளவாட்டு விளிம்பு ஒன்றிலும் அகலவாட்டு விளிம்பு ஒன்றிலும் கத்தரி பட்டிருந்தது. ஒன்று அண்ணி வெட்டியது, மற்றது நான் வெட்டியது; எது எதுவென்று தெரியவில்லை.

நீளவாட்டில் வெட்டிய கீற்று என்றால், அன்று பாதங்களை நெருங்க வைத்தது துணி அல்ல. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. நான் கொடுத்த கீற்று எந்த வாட்டில் வெட்டியது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.