மூன்றாம் நாள் ஸ்லைடு

என் மகள் முதன்முதலில் தண்ணீரில் மிதந்தது என் ஓரகத்தியின் கைமேல்தான். கொழுந்தனின் மனைவி. இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில், கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நீச்சல் தெரியாது. துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். "வுட்றாத சித்தி!" என்று மகள் கத்தியதும் எனக்கு வயிறு எரிந்தது. என்னை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு ஒரே வாசல், இரண்டு வீடு. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு எல்லாம் சித்திதான்.

அந்தக் கோடையில் மகளுக்கு விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. எனக்கு உடனே ஏரிதான் நினைவுக்கு வந்தது. அங்கே மாடு கழுவுகிறார்கள், கரையோரம் ஒதுங்குகிறார்கள். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனால் போதும், ஜியார்டியா என்ற கிருமி குடலில் ஒட்டிக்கொள்ளும். அவள் மலத்தைப் பரிசோதித்தேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்று நாள் பார்க்காமல் "இல்லை" என்று எழுதக் கூடாது என்பார்கள். மற்றவர்களுக்கு நான் பல சமயம் இரண்டோடு விட்டதுண்டு. இதை விடவில்லை.

மூன்றாம் நாள், அயோடின் நிறத்தில், முட்டை வடிவத்தில் ஒன்று அகப்பட்டது. "மாட்னியா!" என்றேன், வாய்விட்டே. கிருமியைச் சொல்லவில்லை, ஓரகத்தியைச் சொன்னேன். பெற்ற பிள்ளைக்கு நோய் என்று தெரிந்து சந்தோஷப்பட்டவள் நான்.

வாசலில் நின்றே சொன்னேன்: "எல்லாம் உன் ஏரியால வந்தது. இனிமே பாப்பா வராது."

அவள் முகம் செத்துப்போனது. "வாய மூடிட்டுத்தான் முங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்கக்கா. என்னுதையும் பாத்துருங்க."

மூன்று நாளும் ஆசையோடு பார்த்தேன். ஏரியிலேயே கிடக்கிறவளுக்கு ஒன்றுமில்லை.

மாத்திரை எழுதிய டாக்டர், "வூட்டுல எல்லாருக்கும் பாத்தீங்களா? தண்ணி கொதிக்க வெச்சுத்தான குடிக்கறீங்க?" என்று கேட்டார். ஓரகத்தி வீட்டில் கொதிக்கும். என் வீட்டில், காலை அவசரத்தில், தொட்டித் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்து மகள் பையில் வைப்பேன்.

அன்றே என்னுடையதையும் ஸ்லைடில் வைத்தேன். மூன்று நாள் தேவைப்படவில்லை. முதல் பார்வையிலேயே கூட்டமாகத் தெரிந்தன. மகளிடமிருந்து எனக்கு ஒட்டியிருக்கலாம் என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். ஆனால் எனக்குப் பொங்கலிலிருந்தே வயிறு சரியில்லை. அப்போது மகள் ஏரியில் இறங்கியிருக்கவே இல்லை. நான் இன்றுவரை அதில் கால் நனைத்ததில்லை.

சாயங்காலம் ஓரகத்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஒரு சொம்பில் நீட்டி, "நீங்க மாத்தர போட்டீங்களாக்கா?" என்றாள்.

உள்ளே எழுதிக்கொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கினாள். "மாத்தர முடிஞ்சதும் ஏரிக்குப் போலாமா?"

கேட்டது என்னையல்ல.

"உங்கம்மாவக் கேளு" என்றாள் அவள். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.