வாசலில் நின்ற அக்கா

அக்காவின் ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். என் முட்டாள்தனத்தையும் எழுதினால்தான் அக்காவின் நல்லது விளங்கும்.

செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை விவசாயம் பார்த்த எங்கள் குடும்பத்தில் முதலில் டீச்சர் ஆனவர் அக்கா. என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருப்போரூரில் எங்களோடேயே இருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கரும்பலகையில் எப்படி எழுதுவது? ஆபீஸ் வேலை தருகிறோம் என்றது பள்ளி. அக்கா ஒப்பவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாமல்லபுரம் கடற்கரையில் நடந்த சீகோங் வகுப்பில் சேர்ந்தார். மூச்சோடு சேர்த்து உடம்பை மெல்ல அசைக்கும் சீனப் பயிற்சி அது. மொத்தம் எட்டு அசைவுகள். மருந்தையும் விடவில்லை, பயிற்சியையும் விடவில்லை.

தினமும் காலையில் மொட்டைமாடியில் செய்வார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் அக்கா தெருவாசலிலேயே நின்றுவிட்டார்.

அன்று கிருத்திகை. முருகன் கோயிலுக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கண்மூடிக் கைகளை மெல்ல உயர்த்தி நின்றவரைப் பார்த்த ஓர் அம்மா, சாமி வந்திருக்கிறது என்று நம்பிக் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "தாயே, என் முட்டி வலி எப்போ தீரும்?" நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். பயிற்சியை முடித்துவிட்டுத்தான் அக்கா வாய் திறந்தார். "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. டாக்டர்கிட்ட காட்டு. காலைல வந்து என்கூட நில்லு."

அந்த அம்மா மறுநாளே வந்தார். மாதம் திரும்புவதற்குள் பத்துப் பெண்கள்.

ஏழாவது மாதம் அக்காவின் கை தலைக்கு மேல் எழுந்தது. கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதிவிட்டுப் பள்ளியிலிருந்தே போன் செய்தார். நான் அழுதுவிட்டேன்.

நோய் திரும்பியபோது ஆத்திரத்தில் கேட்டேன். "இவ்ளோ மூச்சு வுட்டு இன்னாக்கா பிரயோஜனம்?"

"நாலு வருசம் பாடம் எடுத்துகீறேன். அது உனக்குப் பத்தலியா? போடா" என்று சிரித்தார்.

சிகிச்சை அளித்த டாக்டர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், கடற்கரையில் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் வாசலில் இன்று பதினாறு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் காலை எங்கள் வீட்டில் அவர்கள்தான் அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்று பயிற்சி செய்தார்கள். ஐந்தாவது அசைவின்போது அக்காவின் மூச்சு நின்றது. வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கதறப் போனேன். முட்டி வலி அம்மா கண்ணீரோடு என் தோளைத் தொட்டார். "இரு சார். பாதியில நிறுத்தக் கூடாதுன்னு டீச்சரு சொல்லிகீறாங்க. இன்னும் மூணு கீது."

எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கினேன். எட்டையும் முடித்த பிறகுதான் எல்லோரும் அழுதோம்.