பூக்கும் நேரத்து வெடி

எழுபதுகளின் கடைசியில், போடிக்குத் தெற்கே மலையடிவாரக் கல்குவாரி ஒன்றில் மேஸ்திரியாக இருந்தேன். வெடி வைக்கும் நேரத்தை நான்தான் சொல்வேன். குவாரிக்குக் கீழே ஒருவர் நெல் போட்டிருந்தார். ஒல்லியான ஆள், தோளில் சிவப்புத் துண்டு. கதிர் வந்ததிலிருந்து அறுப்பு வரை அந்தத் துண்டு பயிரில் உரசக் கூடாதென்று, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வரப்பில் நடப்பார்.

ஒருநாள் அந்தக் கட்டோடு குவாரிக்கு ஏறி வந்தார்.

"தம்பி, நெல்லு பூத்திருக்கு. காலையில பத்து மணிவாக்குலதேன் பூ வாயத் தெறக்கும். அப்பப் பாத்து கல்லுத்தூசி விழுந்தா மணி பிடிக்காது. ஒரு பத்து நாளைக்கு வெடிய மத்தியானத்துக்கு மேல வச்சுக்கிறீகளா?"

"சரிண்ணே, அதுக்கென்ன" என்றேன்.

நான்கு நாள் சொன்னபடி செய்தேன். ஐந்தாம் நாள் லாரிகள் சீக்கிரமே வந்து நின்றன. டிரைவர்கள் அவசரப்படுத்த, பத்து மணிக்கே வெடிக்கு விசில் ஊதினேன். மறுநாளும் ஊதினேன். வெள்ளையாக எழுந்த தூசி அவர் வயலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு அவரை வரப்பில் பார்த்தேன். தலை சாய வேண்டிய கதிர்கள் பாரமில்லாமல் நிமிர்ந்து நின்றன. துண்டு தோளில் கிடந்தது. அதன் நுனி கதிர்களை உரசிக்கொண்டே போனது. அவர் அதை எடுத்துக் கட்டவில்லை.