ஆன்கா கடித்தாள் என்று எழுதினோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் ஆகாது. எட்டு வயதில் தூத்துக்குடியில் ஒரு தெருநாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். இங்கிலாந்தில் இந்த ஹாலிஃபாக்ஸுக்கு நர்ஸாக வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் ஆளுக்கொரு நாய். எதிரே ஒன்று வந்தால் நான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்த வில்ஃப் ஹேக், எழுபத்தேழு வயதில், ருமேனியாவிலிருந்து ஒரு நாயை வரவழைத்தார்.

வில்ஃப் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "ஷிப்டு மாறி மாறி வந்துச்சு, கண்ணு. எந்தப் பொம்பளை காத்துக்கிட்டு இருப்பா?" என்பார். கேபினில் ஒரு பெரிய ரெஜிஸ்டர் இருக்குமாம். அடுத்த கேபின்காரன் ஏற்றுக்கொள்கிறேன் என்று மணி அடித்தால்தான் வண்டியை அனுப்பலாம். வந்து சேர்ந்துவிட்டது என்று அவன் மறுபடி அடிக்கும்வரை அந்த வண்டி நம் பொறுப்பு. ஒவ்வொரு மணியையும் நிமிஷத்தோடு எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பெயர் போட வேண்டும். ரிட்டயரான பிறகும் மனுஷன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பால்காரன் எட்டு நிமிஷம் லேட் என்று நோட்டில் ஏறிவிடும்.

நாயை அனுப்பியது தெருநாய்களை மீட்கும் ஒரு சின்ன அமைப்பு. எழுபத்தைந்து வயதுக்கு மேல் தத்துக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பழக்கிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் நாய் எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும், அதைப் படித்துத்தான் ஆட்கள் கேட்டு வருவார்கள். வில்ஃபிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், நான் என் லேப்டாப்பில் டைப் அடிப்பேன். நாயைத் தொட வேண்டாம், டைப் மட்டும் அடி என்றுதான் ஒப்பந்தம்.

மார்ச் மாதம் நாலு நாள் வேனில் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தாள் ஆன்கா. பழுப்பு நிறம், ஒரு காது பாதிதான் இருந்தது. கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு, மார்புப்பட்டையில் ஒரு கயிறு என்று இரண்டு பிடித்துத்தான் இறக்கினார்கள். ஒன்று நழுவினால் போச்சு, திரும்பக் கிடைக்க மாட்டாள். வீட்டுக்குள் வந்ததும் சோபாவுக்குப் பின்னால் நுழைந்தவள் பத்தொன்பது நாள் பகலில் வெளியே வரவில்லை.

வில்ஃப் அந்தக் கெட்டுப்போன முட்டியோடு தரையில் உட்கார்ந்து, சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டோஸ்ட் தின்பார். ஓரத்தைப் பிய்த்துப் பின்னால் வைப்பார்.

"அவளைப் பாக்கக் கூடாது, கண்ணு. பாத்தா பயந்துக்குவா."

"நான் எங்க பாக்கப்போறேன்? இருக்கிற பயத்துல எனக்குக் கண்ணே தெரியல."

நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இருபதாம் நாள் என்ன நடந்தது தெரியுமா? சோபாவுக்குப் பின்னாலிருந்து மூக்கு வந்தது, தலை வந்தது, கழற்றி வைத்திருந்த என் ஷூவை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"அடிப்பாவி! முட்டி தேயத் தேய உட்கார்ந்தவன் நான். நீ இவ ஷூவைப் போய் மோந்து பாக்கறியே?" என்று சுவரைப் பார்த்தே புலம்பினார் வில்ஃப்.

"எனக்கு உயிரே போச்சு வில்ஃப், அவளைக் கூப்பிட்டுக்கோங்க!"

"கூப்பிடவும் கூடாது."

முப்பத்தோராம் நாள் ஆன்கா அவர் பூட்ஸ் மேல் தாடையை வைத்துத் தூங்கினாள். 2:14 முதல் 2:50 வரை என்று நோட்டில் இருக்கிறது. பாத்ரூம் போக வேண்டியிருந்தும் மனுஷன் காலை அசைக்கவில்லை. அன்றைக்கே ஆள் காலி என்று எனக்குப் புரிந்துபோனது.

அடுத்த வாரமே ஸ்கிப்டனிலிருந்து ஹெதர் என்கிற பெண் ஆன்காவைக் கேட்டு எழுதினாள். தனியாக இருப்பவள், ஆறடிச் சுவர் வைத்த தோட்டம், வீட்டைப் பார்த்துச் சரி என்றும் சொல்லிவிட்டார்கள். வில்ஃபின் முகம் செத்துப்போனது. அந்த வெள்ளிக்கிழமை, "சோபாவைக் கடிச்சுக் குதறுறா" என்று வாசித்தார். சோபா முழுசாக என் எதிரே இருந்தது.

"வில்ஃப்..."

"அடி, கண்ணு."

அடித்தேன். அடுத்த வாரம், விடிய விடிய ஊளையிடுகிறாள் என்றார். ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில், அவள் ஒரு குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. அதையும் அடித்தேன். ஹெதர் அசையவில்லை. என்னுடையது பழைய சோபாதான், ஊளையிட்டால் ரேடியோ போட்டுக்கொள்கிறேன் என்று பதில் எழுதினாள்.

அந்தச் சமயம் பார்த்து வில்ஃப் மாட்டுக்கறி டின்னைத் திறக்கும்போது கையை வெட்டிக்கொண்டார். நான்தான் கழுவிக் கட்டுப்போட்டேன். வெள்ளிக்கிழமை நோட்டைத் திறந்தார்.

"ஆன்கா என் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் கட்டுப்போட்டார்."

"இது வேண்டாம். பச்சைப் பொய்!"

"நோட்டுல எழுதிட்டேன். எழுதினதைத்தான் அனுப்பறோம்."

"எழுதினா பொய் உண்மையாயிருமா?"

"கடிக்கிற நாய்னா யாரும் வர மாட்டாங்க, கண்ணு. என்கிட்டயே இருந்துருவா. அவ்வளவுதான் எனக்கு வேணும்." நான் இளகிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கட்டுப்போட்ட கையைப் படம் பிடித்துச் சேர்த்து, அனுப்பும் பட்டனை அமுக்கியது என் விரல்தான்.

இரண்டே மணி நேரத்தில் போன் வந்தது. அமைப்பை நடத்தும் கில்லியன்.

"கடிச்சு ரத்தம் வந்துருச்சுன்னா விதி இருக்கு, வில்ஃப். திங்கட்கிழமை காலையில நெவிலைக் கூட்டிட்டு வரேன். நாய்ங்களைப் பரிசோதிக்கிறவர். கூண்டு வண்டியும் வரும்."

"கூண்டு வண்டி எதுக்கு?"

"ஆபத்துன்னு அவர் சொல்லிட்டா அப்படியே கூட்டிட்டுப் போயிருவோம். அந்த மாதிரி நாயை யார் வீட்டுக்கும் குடுக்க முடியாது. ஊசி போட்டு முடிச்சுற வேண்டியதுதான். மன்னிச்சுக்கங்க."

வில்ஃப் கத்தினார்: "அவ கடிக்கல! நான் பொய் சொன்னேன்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. படம் இருக்கு, நர்ஸ் பேரு இருக்கு."

நான் போனைப் பிடுங்கி, நான்தான் அந்த நர்ஸ், அது டின் கிழித்த காயம், வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். "முதல்ல எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா, மங்கை? நான் எதை நம்ப?" என்று கில்லியன் கேட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வில்ஃப் சாப்பிடவில்லை. ஆன்கா அவர் காலடியில் கிடந்தாள். ஞாயிறு மத்தியானம் நானே சொன்னேன், "என் வீட்டுக்குள்ள விட்டுருங்க. ஓடிப்போச்சுன்னு சொல்லிருவோம்." எந்த வாய் இதைச் சொன்னது என்று எனக்கே ஆச்சரியம்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயா? நாயை வீட்டுக்குள்ளயா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வேண்டாம், கண்ணு. ஒரு பொய்க்கே இந்தக் கதி."

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். நெவில் குள்ளமான, சத்தமே போடாத ஆள். கையில் ஒரு குச்சி, அதன் முனையில் பிளாஸ்டிக்கில் செய்த மனுஷக் கை. வில்ஃபைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார். அவர் இருந்தால் நாய் அவரை நம்பி நிற்கும், தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் அறையில் அவளுக்குப் பழகின ஒரு ஆள் அசையாமல் உட்கார வேண்டும்.

"நீங்க உட்காருங்க. தரையில."

"எனக்கு நாய்னா பயம்," என்றேன்.

"அப்ப பயத்தோட உட்காருங்க. கத்தாதீங்க, எந்திரிக்காதீங்க. நீங்க கத்தினா அவ மிரண்டு கடிப்பா. கடிச்சா முடிஞ்சுது."

உட்கார்ந்தேன். கில்லியன் கதவோரம் பேனாவோடு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வில்ஃபின் தொப்பி தெரிந்தது. நெவில் ஒரு தட்டில் கோழிக்கறி வைத்தார். ரொம்ப நேரம் கழித்து ஆன்கா வயிறு தரையில் தேய வந்து வாயை வைத்தாள். பிளாஸ்டிக் கை மெதுவாக நீண்டு, தட்டைத் தொட்டு, அவள் முகத்துக்கு நேரே நின்றது.

ஆன்கா உறைந்தாள். மேலுதடு மடங்கி, பல் அத்தனையும் தெரிந்தது. தொண்டைக்குள் ஒரு உறுமல். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். கில்லியனின் பேனா காகிதத்தில் இறங்கியது. போச்சு, எல்லாம் போச்சு, நானே இவளைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கை இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தது. ஆன்கா பாய்ந்தாள். கையை நோக்கி இல்லை, என்னை நோக்கி. என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு, முகத்தைக் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்தாள். சூடான மூச்சு, ஈரமான பல். எட்டு வயதில் போட்ட அந்த அலறல் அப்படியே தொண்டைக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தால் அவள் செத்தாள். கால் பெருவிரலைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்று இரண்டு என்று எண்ணினேன். என் முதுகோடு சேர்ந்து அவள் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. என் சேலை நனைந்தது. பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள், பாவம். இருநூறு வரைக்கும் எண்ணினேன்.

"போதும்," என்றார் நெவில். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் சொந்தக் கையைப் பின்னால் நீட்டினார். ரொம்ப நேரத்துக்குப் பிறகு என் தோளுக்கு மேலாக ஒரு மூக்கு நீண்டு அந்த விரலைத் தொட்டது.

"போக வழியில்லாம மூலையில நிக்கிறப்பக்கூட கடிக்கல. இது கடிக்கிற நாய் இல்ல. கூண்டு வேண்டாம்."

கொல்லைக்கதவைத் திறந்து சொன்னபோது வில்ஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கில்லியன் அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அவ பிழைச்சுட்டா. ஆனா உங்க அறிக்கையை இனிமே நான் எப்படி நம்புவேன், வில்ஃப்? உங்ககிட்ட விட முடியாது. இன்னிக்கே ஹெதர்கிட்ட கொண்டுபோறேன்."

கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. "நானே அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணணும். அவ ஏத்துக்கிறேன்னு சொல்லாம அனுப்ப மாட்டேன்," என்றார்.

போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். சோபா பொய், ஊளை பொய், கடி பொய். "இப்ப சொல்லும்மா, ஏத்துக்கிறியா?"

ஹெதரின் குரல் எனக்கும் கேட்டது. "கடிப்பான்னு எழுதினப்பவே வேணும்னு கில்லியன்கிட்ட சொன்னேனே! நானும் பயந்தா கடிக்கிற ஜாதிதான். அனுப்புங்க." அதன் பிறகு அரைமணி நேரம் உண்மையை வாசித்தார். டோஸ்ட் ஓரம் பிடிக்கும். பார்க்காதே. கூப்பிடாதே. அவளே வருவாள்.

1:20-க்கு கில்லியனின் வண்டி கிளம்பியது. இரண்டு கயிற்றையும் அவர்தான் மாட்டினார். ஆன்கா திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதே. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

ஸ்கிப்டனுக்கு ஐம்பது நிமிஷம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தார். 2:10 ஆனது. 2:30 ஆனது. போன் அடிக்கவில்லை. கதவைத் திறக்கும்போது கயிறு நழுவியிருக்குமோ?

"ரோட்டுல நெரிசலா இருக்கும், வில்ஃப். டீ போடவா?"

"வேண்டாம். வந்து சேந்துச்சுன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்ற வரைக்கும் அது என் வண்டி."

2:50. நோட்டு மடியில், பேனா கையில். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 3:06-க்கு அடித்தது.

"மன்னிச்சுக்கங்க வில்ஃப்," ஹெதருக்கு மூச்சு வாங்கியது. "கார்லேர்ந்து இறங்க மாட்டேன்னுட்டா. நானும் உள்ள ஏறி, முதுகைக் காட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் டோஸ்ட் தின்னேன். இப்பதான் இறங்கி வந்தா. சோபாவுக்குப் பின்னாடி இருக்கா."

"பாத்தியா அவளை?"

"பாக்கவே இல்ல."

வில்ஃப் போனை வைத்தார். நோட்டில் 3:06, வந்து சேர்ந்தாள் என்று எழுதினார். பிறகு நாலு பக்கம் பின்னால் புரட்டி, வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்து, அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீயும்தான், கண்ணு."

அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். கோட்டுக்கு அடியில் 'கடித்தாள்' என்பதை அப்போதும் தெளிவாகப் படிக்க முடிந்தது.