ரெக்சின் சுமதியும் வெள்ளை ஃபியட்டும்

பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிக்குக் குஷன் தைக்கிற சுமதி கடை எங்கே என்று கேட்டால், டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டபடியே முகவாயால் காட்டுவார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கழற்றிப் போட்ட லாரி சீட்டு ஒன்று கிடக்கும், உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம். சுமதிக்கு வயது நாற்பத்திரண்டு. பேச்சு வெடுக்கென்று இருக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை அத்தனை சுத்தம். தூத்துக்குடி ரோட்டில் போய் வருகிற டிரைவர்களில் பாதிப் பேர் அவள் தைத்த சீட்டில்தான் உட்கார்ந்து போகிறார்கள்.

அவளுடைய அம்மா கருத்தம்மாள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சுமதியும் மடியைக் கட்டிக்கொண்டு கூடப் போவாள். பத்தாவது முடித்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் சாக்கு வாய் தைக்கிற வேலை கிடைத்தது. அங்கே லோடு இறக்க வந்த ஒரு டிரைவர் தன் கிழிந்த சீட்டைக் காட்டி, இதையும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடு தாயி என்று கேட்டார். சின்ன வயசு, வேகம் ஜாஸ்தி. கையிலிருந்த கோணி ஊசியாலேயே ரெக்சினை வறட்டு வறட்டென்று தைத்துக் கொடுத்தாள்.

இரண்டே மாதத்தில் ஊசி போன தடம் முழுக்கச் சீட்டு வாயைப் பிளந்துகொண்டது. டிரைவர் வந்து போட்ட சத்தத்தில் மில்லே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் சுமதிக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாக்கில் ஊசியை உருவினால் நூல் தானாகக் கூடி ஓட்டையை மூடிக்கொள்ளும். ரெக்சினில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், ஆறவே ஆறாது. அதற்குப் பிறகு அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்த பிறகுதான் ரெக்சினில் ஊசி இறங்கும். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறாள்.

போன சித்திரையில் அந்த வெள்ளை ஃபியட் வந்தது. வண்டி ஜெகதீஸ்வரனுடையது. எம்.ரெட்டியபட்டியில் காடுகரையோடு இருக்கிற குடும்பம். அறுபத்து நாலில் வந்த காரை அவருடைய அப்பா பூமிநாதன் வாங்கி வைத்திருந்தார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தூசி மண்டிக் கிடந்ததை ஜெகதீஸ்வரன் இரண்டு வருஷம் மல்லுக்கட்டி ஓடவைத்தார். சுமதி கடைக்கு எதிரே ஒர்க் ஷாப் வைத்திருக்கிற அழகுராஜா இன்ஜினைப் பார்த்தார். சீட்டை சுமதி பார்த்தாள். கருத்தம்மாளாக இருந்தால் ஜெகதீஸ்வரனைப் பார்த்ததும் மொதலாளி என்று தள்ளி நின்றிருப்பாள். சுமதிக்கு அவர் அண்ணாச்சிதான். அண்ணாச்சி, பழைய பஞ்சையெல்லாம் தூக்கிக் குப்பையில போடுங்க என்று முதல் நாளே சொன்னவள்.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு. அதில் வண்டியை விடவேண்டும் என்பது ஜெகதீஸ்வரனின் ஆசை. அதை நடத்துகிறவர்கள் அனுப்பிய தாளில் இரண்டு விதிகள் இருந்தன. டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஆடாமல் அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். வண்டியின் உடம்பில் புதிதாக ஓட்டை போட்டிருந்தால் வண்டி அணிவகுப்பில் சேராது. ஜெகதீஸ்வரன் சிவப்புச் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைப்பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர் மாதிரி நின்றார்.

அழகுராஜாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தரையில் நாலு ஓட்டை போட்டு, சிலிண்டரைப் பிடிக்கிற கிளாம்ப்பை முடுக்கிவிட்டு மேலே மிதியடியை விரித்துவிட்டால் எவன் குனிந்து பார்க்கப் போகிறான் என்றார். டிரில்லிங் மிஷினுக்கு வயரும் இழுத்தாயிற்று. ஜெகதீஸ்வரன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் முகம் மட்டும் செத்துப்போயிற்று. அறுபது வருஷமாகக் கம்பெனி போட்ட ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை படாத தகரம் அது. பின் சீட்டில் மண்டியிட்டுப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த சுமதிக்குப் பொறுக்கவில்லை.

“ஓட்ட வேண்டாம்ணே. ஓட்ட போடாம நான் நிப்பாட்டித் தாரேன்” என்றாள்.

ஒர்க் ஷாப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அழகுராஜாவும் சிரித்தார். சிலிண்டருக்குச் சட்டை தைக்கப் போறியா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் என் மிஷின் பேசும் என்று கெடுவும் வைத்தார். சுமதி வாயைக் கொடுத்தாயிற்று, இனி பின்வாங்க முடியாது. தோற்றால் சிலிண்டரோடு போகிற சமாச்சாரம் இல்லை இது. அந்த ரோட்டில் அவளைக் கிழிசல் தைக்கிறவள் என்றுதான் எல்லாரும் வைத்திருந்தார்கள். இதில் தோற்றுவிட்டால் வண்டியைப் பற்றி அவள் சொல்கிற வார்த்தைக்கு இனி ஒருத்தரும் காது கொடுக்கமாட்டார்கள். அதோடு, அவள் கண் முன்னாலேயே அந்தத் தகரத்தில் ஓட்டை விழும்.

தனக்குத் தெரிந்த வழியில் போனாள். லாரியில் தார்ப்பாய் கட்டுகிற தடித்த நாடாவை எடுத்து, பக்கத்து சீட்டின் காலோடு சேர்த்துச் சிலிண்டரைச் சுற்றினாள். நுனியைத் தைக்கவேண்டிய இடத்தில் கை தயங்கியது. ஊசி இறங்கினால் நாடா பலமிழந்துவிடுமோ என்று பட்டது. அதனால் தைக்காமல், ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷனைப் பூசி அழுத்தி ஒட்டினாள். இழுத்துப் பார்த்தாள், மலை மாதிரி நின்றது. புதன்கிழமை சாயங்காலமே வந்து பாருங்கள் என்று பெருமையாக ஆள் அனுப்பினாள். இருபது வருஷம் ஊசி பிடித்த கை நூலை விட்டுவிட்டுப் பசையை நம்பியது, இதை என்னவென்று சொல்வது.

வியாழக்கிழமை வண்டி காலையிலிருந்து வெயிலில் நின்றது. சித்திரை வெயில் நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று சொல்லவா வேண்டும், மூடிய காருக்குள் கையை விட்டால் சுட்டுவிடும். மத்தியானம் ஜெகதீஸ்வரன் ஓட்ட, அழகுராஜா முன்னால் உட்கார, சுமதி பின்னால் உட்கார்ந்து திருச்சுழி ரோட்டில் கிளம்பினார்கள். நாலு மைல் போயிருக்கும். கண்மாய்க் கரையிலிருந்து ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டில் இறங்கியது. ஜெகதீஸ்வரன் பிரேக்கை மிதித்தார்.

ஒட்டின இடம் சத்தமே இல்லாமல் பிரிந்தது. சிலிண்டர் நழுவி முன்னால் உருண்டு, வண்டி வளைந்த வளைவில் டிரைவர் பக்கம் போய் கிளட்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பிரேக்குக்கு அடியில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலஞ்செடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும் கீறல் இல்லை. ஆடு மேய்த்த பெரியவர் மட்டும் மூவரையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

சுமதி இறங்கி நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சொல்யூஷன் வெயிலில் இளகிப் பாகு மாதிரி விரலில் ஒட்டியது. ஒரு உயிர் போயிருந்தால் அது தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரியும். அழகுராஜா இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“நாளைக்குக் காலையில மிஷின எடுத்துட்டு வாரேன், சுமதி. மனசுல வச்சுக்கிறாத” என்று மட்டும் சொன்னார். ஜெகதீஸ்வரன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சுமதி கடை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸேறிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் சுமதி கடைக்கு வந்துவிட்டாள். சீட்டின் காலில் அப்பியிருந்த பசையைத் துடைத்தாவது கொடுப்போம் என்றுதான் வந்தாள். அதற்குச் சீட்டைக் கழற்றவேண்டும். ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றி, வழக்கம்போல ஒரு டப்பா மூடியில் போட்டாள். சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் திரும்பிக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் நாலு ஓட்டைகள். கம்பெனி போட்ட ஓட்டைகள். சீட்டைத் தாங்குகிறதற்கென்றே பலமான இடம் பார்த்துப் போட்டவை.

குஷன் வேலைக்காக இந்தச் சீட்டை மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறாள். மூன்று தடவையும் இந்த நாலு ஓட்டையும் கண்ணுக்கு நேரே இருந்திருக்கின்றன. அடி மடச்சி என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஓட்டை ஆகாது ஆகாது என்று ஓட்டையைக் கண்டாலே பயந்து ஓடியதில் வந்த வினை. புது ஓட்டைதானே கூடாது, இருக்கிற ஓட்டையில் மாட்டினால் யார் என்ன சொல்வது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அட்டையைத் தரையில் வைத்து முன்பக்க ஓட்டை இரண்டையும் குறித்தாள். சிலிண்டரைச் சீட்டு விளிம்பு வருகிற இடத்துக்கு அடியில் குறுக்கே படுக்கப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடது கையை நீட்டிப் பார்த்தாள். எட்டியது. உட்காருகிறவர் காலில் இடிக்காது, வெயிலும் படாது. கிளாம்ப்பைத் தாங்க, சீட்டுக் காலுக்கும் தரைக்கும் நடுவில் இரும்புப் பட்டை ஒன்று வரப்போவதால் பழைய போல்ட் நீளம் பத்தாது. ஒரு போல்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸேறினாள். அதே மரை, அரை இஞ்ச் கூடுதல் நீளம். முதல் கடையில் இல்லை என்றார்கள், இரண்டாவது கடையில் இதெல்லாம் இப்போ யாரும்மா வாங்குகிறார்கள் என்றார்கள், மூன்றாவது கடையில் அவளே உள்ளே போய்ப் பெட்டியைக் கொட்டித் தேடி எடுத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது அழகுராஜா மிஷினோடு ஃபியட் பக்கத்தில் நின்றிருந்தார். ஜெகதீஸ்வரனும் வந்திருந்தார். சுமதி மூச்சு வாங்கிக்கொண்டே அட்டையையும் ஒரு இரும்புப் பட்டையையும் அழகுராஜா கையில் கொடுத்தாள்.

“ஓட்ட போடணும்னு கை அரிச்சிக்கிட்டு இருந்தீகல்லண்ணே. இந்தாங்க, இந்தப் பட்டையில நாலு போடுங்க. சீட்டு போல்ட்டுக்கு ரெண்டு, கிளாம்ப்புக்கு ரெண்டு.”

அழகுராஜா அட்டையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். போல்ட்டை வாங்கி ஓட்டையில் விரலால் திருகிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு பட்டை இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று தன் கடையிலிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். அவள் போட்ட கோட்டிலேயே ஓட்டை போட்டு, அவள் சொன்ன இடத்திலேயே மடக்கி, ஸ்பிரிங் வாஷரும் போட்டு, சீட்டோடு சேர்த்து முடுக்கினார். பட்டை அதிர்ந்து சத்தம் போடாமல் இருக்க அடியில் ஒரு ரெக்சின் துண்டைச் சுமதி வைத்தாள். கிளாம்ப்பின் கொக்கி டிரைவர் பக்கம் பார்த்து இருந்தது. ஜெகதீஸ்வரன் ஒரு கையால் கொக்கியைத் தட்ட, சிலிண்டர் சட்டென்று கையில் வந்தது.

போதும் என்று அவர்கள் சொன்னாலும் சுமதி விடவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தினாள். நேற்றைக்குப் போன அதே ரோட்டில், அதே மத்தியானத்தில், ஆளில்லாத இடமாகப் பார்த்து மூன்று தடவை பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிலிண்டர் அசையவில்லை. நாலாவதாக ஒரு தடவை மிதிங்க அண்ணாச்சி என்றாள். எதுக்கு என்று அவர் கேட்டார். பார்க்க நல்லாயிருக்கு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் தைத்த சீட்டில் முதல் தடவையாக எட்டி எட்டிப் பார்க்காமல் சாய்ந்து உட்கார்ந்து போனாள். மைதானம் முழுக்கப் பளபளவென்று பழைய கார்கள். சோதனை பார்க்கிறவர் தொப்பி போட்ட ஒரு பெரியவர், லேசில் விடுகிற ஆள் இல்லை. சிலிண்டரைப் பிடித்து உலுக்கினார். மிதியடியைத் தூக்கினார். விரலால் தரையைத் தடவினார். அதிலும் திருப்தி வராமல் துண்டை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டவர் முகத்தில் ஆச்சரியம். இந்த வேலையை யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே, கை நகத்தில் கிரீஸ் இருந்த அழகுராஜாவைப் பார்த்தார். நீங்கதானே என்றார்.

சுமதி அழகுராஜா முகத்தைப் பார்த்தாள். அழகுராஜா ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது முழுப் பொய்யும் ஆகாது. பட்டையை மடக்கியது அவர், முடுக்கியது அவர். இத்தனை பேர் நடுவில் நான்தான் என்று எப்படிப் போய்ச் சொல்வது. அவள் ஃபியட்டின் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

அழகுராஜா தொண்டையைச் செருமினார்.

“ஓட்ட போட வந்தவன் நான் சார். போட விடாதவுக இவுக.”

பெரியவர் திரும்பிச் சுமதியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளில், வேலை செய்தவர் என்று போட்டிருந்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, பேரு சொல்லுங்கம்மா என்றார்.

சுமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“சுமதி. ஊரு பந்தல்குடி. குஷன் வேல.”